நாய் நடக்கணும்ல

காலை ஐந்தரை மணி. கீழக்குயில்குடி ஆலமரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு என் நாய் மிளகை இறக்கிக்கொண்டிருந்தேன். டீக்கடைக்காரர் பாய்லரைப் பற்றவைத்தபடியே கேட்டார்.

"என்னம்மா, தனியாவா வந்தீக?"

"நாய் நடக்கணும்ல."

"அது சரி" என்று சொல்லிவிட்டு அவர் பால் பாக்கெட்டை வெட்டப் போய்விட்டார். அவ்வளவுதான் விசாரணை.

நாலு வருடமாக இந்த ஒரே பதிலை வைத்துக்கொண்டு மதுரையைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். கண்மாய்க் கரையில், மலையடிவாரத்தில், வாய்க்கால் பாலத்தில், யார் என்ன கேட்டாலும் இதுதான் பதில். இதுவரை யாரும் மறுகேள்வி கேட்டதில்லை.

நாய் வருவதற்கு முன் பழங்காநத்தம் பக்கம் பன்னிரண்டு வருடம் குடியிருந்தோம். மாடக்குளம் கண்மாய் நடந்துபோகிற தூரம். சமணர் மலை ஸ்கூட்டரில் அரைமணி நேரம்கூட ஆகாது. இரண்டுக்கும் நான் தனியாகப் போனதே கிடையாது. யாரும் தடுக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை வீட்டைவிட்டுக் கிளம்ப நான்காம் வேற்றுமை உருபு ஒன்று தேவைப்படும். கோயிலுக்கு, கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு. வார்த்தைக் கடைசியில் ஒரு 'க்கு' இருந்தால் கதவு தானாகத் திறக்கும். 'சும்மா' என்ற சொல்லோடு அந்த உருபு ஒட்டாது. "சும்மா போய்ட்டு வர்றேன்" என்றால் வீட்டில் நாலு பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள். வீட்டுக்காரர் சும்மா போவார், வருவார். டீக்கடையில் ஒரு மணி நேரம் நிற்பார். யாரும் நிமிர மாட்டார்கள்.

மிளகு எனக்கு அந்த 'க்கு'வைக் கொண்டுவந்து கொடுத்தது.

அது வந்தது ஒரு கார்த்திகை மாத மழையில். தெருமுனை இஸ்திரி வண்டிக்கு அடியில் நாலு குட்டிகள் கிடந்தன. மூன்றாவது நாள் பார்த்தபோது இரண்டு. என் மகள் அப்போது எட்டாம் வகுப்பு. அதில் ஒன்றைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள். உடம்பெல்லாம் மங்கலான, சுருங்கிய மாதிரி ஒரு கறுப்பு. டப்பாவில் ரொம்ப நாள் கிடந்த மிளகின் நிறம். பெயர் அப்படியே அமைந்துவிட்டது.

கால்நடை மருத்துவர் தடுப்பூசி அட்டையில் இனம் என்ற கட்டத்தில் 'என்.டி.' என்று எழுதினார். என்ன என்று கேட்டேன். 'நான்-டிஸ்கிரிப்ட்' (non-descript) என்றார். வர்ணிக்க முடியாதது என்று அர்த்தமாம். கட்டைக் காது ஒன்று, மடங்கின காது ஒன்று, வால் நுனியில் மட்டும் சுண்ணாம்பு தொட்ட மாதிரி வெள்ளை, தும்மினால் பின்னங்கால் இரண்டும் தரையைவிட்டு எழும்பும். என்னைக் கேட்டால் இரண்டு பக்கம் வர்ணிப்பேன்.

ஆறு மாதத்தில் அது சோபாவின் பஞ்சை எடுக்க ஆரம்பித்தது. தெருவுக்குள் நடத்தினால் போதவில்லை. பக்கத்துப் பூங்கா வாசலில் 'நாய்களுக்கு அனுமதி இல்லை' என்று பலகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பஞ்சைப் பொறுக்கியபடி வீட்டுக்காரர்தான் சொன்னார், "எங்கிட்டாச்சும் தூரமாக் கூட்டிட்டுப் போயேன், கால் ஓயட்டும்." அவர் நாயின் காலைச் சொன்னார்.

*

ஸ்கூட்டரில் நாயா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மதுரையில் கேட்க மாட்டார்கள். ஆட்டுக்குட்டி, வாழைத்தார், கேஸ் சிலிண்டர், மூன்றாம் வகுப்புப் பிள்ளை என்று எல்லாம் நின்று பழகிய இடம் அந்தக் கால் வைக்கும் பலகை. அதில் ஒரு பழைய கோணிச்சாக்கை மடித்துப் போட்டேன். இரும்பு சூடேறினால் பாதம் பொறுக்காது, மழை என்றால் வழுக்கும், சாக்கு இரண்டுக்கும் உதவும். மார்போடு கட்டும் வார்ப்பட்டை, அதிலிருந்து குட்டையாக ஒரு கயிறு என் கையில். முதல் நாள் தெருமுனை வரை போய்த் திரும்பினோம். மறுநாள் பெட்ரோல் பங்க் வரை. இரண்டு வாரத்தில் அது வண்டிச் சாவிச் சத்தத்துக்கு வாலை ஆட்ட ஆரம்பித்தது. முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் இன்றுவரை போனதில்லை. பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் முந்தும்போது திட்ட வாயெடுத்து, நாயைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போவார்கள்.

முதலில் போன இடம் மாடக்குளம் கண்மாய்தான். பாண்டியர் கல்வெட்டுகளில் மதுரைக்கே 'மாடக்குளக்கீழ் மதுரை' என்று முகவரி. அதாவது மாடக்குளத்துக்குக் கீழே இருக்கிற ஊர். இன்று நாம் ஊருக்கு அடையாளமாகக் கோபுரத்தைச் சொல்கிறோம், அவர்கள் கண்மாயைச் சொல்லியிருக்கிறார்கள். பாசனம் பார்த்தவன் எழுதிய முகவரி. அதன் கரைமேல் நின்று ஊரைப் பார்த்தால் விஷயம் புரியும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் முன்னாள் வயல்கள், இந்நாள் வீட்டுமனைகள். பன்னிரண்டு வருடம் அந்தத் தண்ணீருக்குக் கீழே குடியிருந்துகொண்டு கரைமேல் ஏறியதில்லை என்பது எனக்கே வெட்கமாக இருந்தது.

நாயோடு நடப்பவர்களுக்குக் கண்மாய்க் கரையைவிட நல்ல இடம் தென்மாவட்டங்களில் கிடையாது. கடற்கரை, மலைவாசஸ்தலம் எல்லாம் அப்புறம். கரை உயரமாக, நீளமாக, ஒரே போக்காக இருக்கும். எதிரே வருவது எருமையா, சைக்கிளா, இன்னொரு நாயா என்று அரை கிலோமீட்டருக்கு முன்பே தெரியும். மடைக்கு மடை ஒரு மரம், நிழல். ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் ஏறும்போது கலுங்குப் பக்கம் மீன் தாண்டும். தை மாசியில் நாரையும் கூழைக்கடாவும் வந்து நிற்கும். வைகாசியில் உள்வாய் காய்ந்து வெடித்து, அதில் ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் விளையாடுவார்கள். ஒரே இடத்துக்கு நாலு முறை போனால் நாலு வேறு இடம்.

மிளகின் கணக்கு வேறு. அதற்குக் கரை ஒரு செய்தித்தாள். பனைமரத் தூரில் ஐந்து நிமிடம், ஒரு சாணிக் குவியலில் எட்டு நிமிடம், கீரி போன தடத்தில் முழுப் பத்து நிமிடம். ஆரம்பத்தில் இழுத்துப் பார்த்தேன். 'வாக்கிங்' என்றால் கைவீசி, வியர்க்க நடப்பது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது நிற்கும் இடமெல்லாம் நானும் நிற்க வேண்டியிருந்ததால்தான் எனக்கு நின்று பார்ப்பது பழகியது. முக்குளிப்பான் முங்கின இடத்துக்கும் எழுந்த இடத்துக்கும் நடுவே எத்தனை எண்ணலாம் என்று எண்ணிக்கொண்டிருப்பேன். அலுவலகத்தில் யாரிடமும் இதைச் சொல்ல முடியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார். கயிறு. "நாயை அவுத்து விடுங்கம்மா, பாவம் ஓடட்டும்" என்று சொல்லாதவர் இல்லை. முதல் வருடம் ஒரு பங்குனியில் நானும் அவிழ்த்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் ஆள்காட்டிக் குருவி இரண்டு தலைக்குமேல் வந்து கத்தோ கத்தென்று கத்தின. ஒன்று மிளகின் முதுகை உரசுகிற மாதிரி பாய்ந்து பாய்ந்து எழும்பியது. எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகுதான் தரையைப் பார்த்தேன். சரளைக்கற்களுக்கு நடுவே, கற்களைப் போலவே மண்ணிறத்தில் கரும்புள்ளி போட்ட நாலு முட்டைகள். கூடு என்று ஒன்றுமில்லை, லேசான பள்ளம்தான். மிளகின் முன்னங்கால் அதிலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்தது. மாசியிலிருந்து ஆடி வரை கண்மாய் உள்வாய் முழுவதும் அவற்றுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. அன்றே கயிற்றுக் கடையில் பத்து மீட்டர் நைலான் கயிறு வாங்கினேன். நீளக் கயிறு என்றால் அதற்கும் ஓடின திருப்தி, எனக்கும் நிம்மதி. மயில் விஷயம் இன்னும் மோசம். சமணர் மலைப் பக்கம் மயில் கோழி மாதிரி திரியும். விரட்டினால் எழும்பிப் பறந்துவிடும் என்பது பெரிய மயிலுக்குச் சரி, குஞ்சுக்கு அல்ல. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. 'என் நாய் சும்மா விளையாடியது' என்றெல்லாம் அங்கே சொல்ல முடியாது.

தெருநாய்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயத்தை எழுதினால் அது பொய். காலை ஐந்து மணிக்கு மதுரையின் ஒவ்வொரு தெருவும் ஒரு தனி அரசு. எல்லைக் கல் இல்லாத எல்லைகள். ஸ்கூட்டரில் நாய் போனால் பின்னாலேயே துரத்தி வந்து, ஒரு குறிப்பிட்ட மின்கம்பத்தோடு நின்றுவிடும். அடுத்த கம்பத்தில் அடுத்த அரசின் படை தயாராக இருக்கும். பழகிப் பழகி எந்தத் தெரு எவருடைய ராஜ்யம் என்று எனக்கு அத்துப்படி. நடக்கும்போது கூட்டம் வந்தால் ஓடக்கூடாது. நின்று, மிளகை எனக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, குனிந்து கல் எடுக்கிற மாதிரி பாவனை செய்தால் பத்துக்கு ஒன்பது முறை விலகிவிடும். கல்லை உண்மையில் எடுக்க வேண்டியதில்லை. அந்தப் பத்தாவது முறைக்காகத்தான் வருடம் தவறாமல் மிளகுக்கு வெறிநோய்த் தடுப்பூசி.

*

சமணர் மலைக்கு வருகிறேன். மதுரையிலிருந்து தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் உள்ளே திரும்ப வேண்டும். அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரங்கள், அய்யனார் கோயில். கோயிலை ஒட்டிப் பாறையில் வெட்டிய படிகள் மேலேறுகின்றன. கொஞ்ச உயரத்தில் பேச்சிப்பள்ளம். சுனைக்கு மேலே பாறைச் சுவரில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள், சமணத் துறவி பாகுபலி. கீழே வட்டெழுத்தில், அவற்றைச் செய்யச் சொன்னவர்களின் பெயர்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்தையவை. மலையின் மறுபக்கம் செட்டிப்புடவு, குகைக்கு வெளியே பெரிய தீர்த்தங்கரர். குகைக்குள்ளே சிங்கத்தின் மேலமர்ந்து யானையோடு போரிடும் ஒரு பெண் தெய்வம். எனக்கு அவள்தான் பிடிக்கும்.

சிற்பங்கள் இருக்கும் இடத்துக்கு மிளகு வராது. அது பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம். அது போக, ஊர்க்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிற இடம். வீட்டுக்காரரோ மகளோ கூட வந்தால் ஒருவர் கீழே, ஒருவர் மேலே. நான் மட்டும் வந்தால் குளத்தைச் சுற்றி, மலையடிவாரப் பாதையில் நடப்போம். நாயோடு ஓர் இடத்துக்குப் போவது என்றால் பாதி இடத்தோடு திருப்தியடைவது. எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. மலையை அடியிலிருந்து பார்ப்பவர்கள் குறைவு. எல்லாரும் ஏறி, மேலிருந்து போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள்.

அங்கேதான் ஒருநாள் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கேட்டார், "இது என்ன ஜாதித்தா?"

நாட்டு நாய் என்றேன்.

"அதான், நாட்டுல என்ன ஜாதி? சிப்பிப்பாறையா, கன்னியா? காலு நீளமா இருக்கே."

இல்லை, தெருவில் எடுத்தது என்றேன். அவர் முகத்தில் சுவாரசியம் வடிந்துவிட்டது. அடுத்த கேள்வி எனக்கு. "நீங்க எந்த ஊரு? யாரு வீட்டுப் பிள்ளை?" இரண்டும் ஒரே கேள்விதான் என்பது மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பழங்காநத்தம் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிரித்துவைத்தேன்.

நம்முடைய பேர்பெற்ற நாய்கள் பலவற்றுக்கும் ஊர்ப் பெயர்தான் இனப் பெயர். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை. 2005-இல் இந்திய அஞ்சல் துறை நாலு நாய்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது ராஜபாளையம் அதில் ஒன்று. அந்தக் கணக்கில் மிளகு அசல் பழங்காநத்தம். ஆனால் தெருநாய் இனத்துக்குப் புத்தகங்களில் ஆங்கிலேயர் வைத்துவிட்டுப் போன பெயர் 'பரியா டாக்'. பறையர் என்ற நம் சொல்லைக் கொண்டுபோய், யாருக்கும் வேண்டாதது என்ற பொருளை அதன் தலையில் கட்டி, அதை நாய்க்கும் சூட்டிவிட்டார்கள். இன்றைக்கும் நாய் வளர்க்கிற படித்தவர்கள் அதைக் கூசாமல் சொல்வதைக் கேட்கிறேன். அதற்கு அந்த மருத்துவரின் 'என்.டி.' எவ்வளவோ மேல்.

ஒரு நாய்க்கு மரியாதை செய்யத் தெரிந்த ஆட்களும் இந்த மண்ணில் இருந்திருக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது, மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. எருமை மந்தையைக் காக்கப் போய் இறந்துபோன வீரனுக்கு எடுத்த கல். அவன் பக்கத்தில் அவன் நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு, விழுந்து கிடந்தவனுக்குக் காவலாக நின்றதாம். 1,400 வருடம் கழித்து வீரன் பெயரோடு நாயின் பெயரையும் வாசிக்கிறோம். என்ன ஜாதி நாய் என்று கல்லில் எழுதவில்லை.

*

இப்போது சொல்லப்போவது எனக்குப் பெருமை தராத கதை.

போன வருடத்துக்கு முந்தின பங்குனி. ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் விருந்தாளிகள், முந்தின இரவு படுக்க ஒரு மணி. காலையில் எழுந்தபோதே ஆறரை. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் ஆண்டு முடிவுக் கணக்கு, வீட்டில் விருந்தாளிகளின் காப்பி, டிபன். எனக்கு மூச்சு முட்டியது. "நாய் நடக்கணும்ல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

நாகமலை ஒரு நீண்ட பாம்பு படுத்த மாதிரி கிடக்கும். அதன் தென்சரிவை ஒட்டி ஆட்டுத்தடம் ஒன்று போகிறது. ஒரு வளைவு தாண்டினால் மறுபக்கம் தெரியும் என்று பல நாளாக ஒரு நப்பாசை. ஏழரைக்கு நடக்க ஆரம்பித்தோம். எட்டு மணிக்கு மிளகு ஒரு பாறை நிழலில் உட்கார்ந்தது. எழுப்பினேன். பத்து நிமிடத்தில் ஒரு வேலமரத்தடியில் உட்கார்ந்தது. தண்ணீர் கொடுத்து எழுப்பினேன். மூன்றாவது முறை உட்கார்ந்தபோது கயிற்றை இழுத்தேன். ஆம், இழுத்தேன். அது எழுந்து வந்தது. நாய்கள் வரும்.

வளைவுக்கு அருகே அதன் பின்னங்கால்கள் பின்னிக்கொண்டன. நாக்கு வழக்கத்தைவிட ஒரு மடங்கு நீளமாக, அகலமாக, கருஞ்சிவப்பாகத் தொங்கியது. எச்சில் பசை மாதிரி இழுத்தது. படுத்துவிட்டது. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திருப்பியது.

மேலே சரிவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, வயது எழுபது இருக்கும், என்னைவிட வேகமாக இறங்கி வந்தார்.

"ஏத்தா, தூக்கு அதை. அங்கிட்டு பம்புசெட்டுத் தொட்டி இருக்கு பாரு. குட்டியத் தூக்குற மாதிரி தோள்ல போடு."

பதினேழு கிலோ. எப்படித் தூக்கினேன் என்று தெரியவில்லை. தொட்டியருகே போட்டு, அந்த அம்மா தன் சொம்பால் அள்ளி அள்ளி ஊற்றினார். தலையில் அல்ல. வயிற்றில், தொடையிடுக்கில், அக்குளில், நாலு பாதங்களிலும். முந்தானையை நனைத்து விசிறச் சொன்னார். "வாயில ஊத்தாத. புரையேறிரும். அதுவா நக்கட்டும்."

கை நடுங்க விசிறினேன்.

"நாயிக்கு வேர்க்காதுத்தா. நாக்குதான் அதுக்கு வேர்வை. காத்தே சூடாக் கெடந்தா நாக்கு என்ன பண்ணும்?"

பத்து நிமிடம் கழித்து மிளகு தலையைத் தூக்கித் தொட்டி விளிம்பை நக்கியது. அந்த அம்மா ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, கோபம் இல்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார்.

"இம்புட்டு வெயில்ல எதுக்குத்தா வந்த?"

என் பதில் தொண்டை வரை வந்து நின்றுவிட்டது. நாய் நடக்க வேண்டியிருக்கவில்லை. அது எட்டு மணிக்கே சொல்லிவிட்டது, மூன்று முறை, அதற்குத் தெரிந்த மொழியில். நடக்க வேண்டியிருந்தது எனக்கு. அந்த வளைவைத் தாண்டிப் பார்க்க ஆசைப்பட்டது நான்.

"தப்புப் பண்ணிட்டேம்மா" என்றேன். அவர் ஆட்டைத் திருப்பப் போய்விட்டார்.

மருத்துவரிடம் சேர்த்தபோது உடல் வெப்பம் 105. நாய்க்கு 101-இலிருந்து 102.5 வரை இயல்பு, 106-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாக விட்டுப்போகும் என்றார். வழியிலேயே குளிரவைத்தது யார் யோசனை என்று கேட்டார். சொன்னேன். இரண்டு பாட்டில் ட்ரிப்ஸ் ஏறியது. பாதங்களின் அடித்தோலில் கொப்புளம் இருந்ததை அங்கேதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு மாசி முதல் புரட்டாசி வரை எட்டு மணிக்கு மேல் வெளியே இருப்பதில்லை. கிளம்பும் இடத்திலும் திரும்பும் இடத்திலும் புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு நொடி வைத்துப் பார்ப்பேன். என் கை பொறுக்காவிட்டால் அதன் கால் பொறுக்காது. மிளகு உட்கார்ந்தால் நானும் உட்காருகிறேன். அந்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று இன்னும் எனக்குத் தெரியாது.

*

வைகை ஆற்றைப் பற்றிக் கேட்பீர்கள். ஊருக்குள் ஓடும் வைகைக்கு நாயோடு போகாதீர்கள். உடைந்த பாட்டில், சாக்கடை, எரிந்த குப்பை. சித்திரையில் அழகர் இறங்கும்போது ஒரு நாள் அது ஆறாகும். அன்று லட்சக்கணக்கில் மனிதர்கள், நாய்க்கு அங்கே வேலையில்லை. அழகர்மலைக் காட்டுக்குள்ளும் கூட்டிப்போவதில்லை. வீட்டு நாயிடமிருந்து காட்டு விலங்குகளுக்கு நோய் தொற்றும். அது போக, காட்டு வழியெல்லாம் நாயின் வாசனையை விட்டுவிட்டு வருவதும் ஒருவகையில் விரட்டுவதுதான்.

அரிட்டாபட்டிக்கு மிளகில்லாமல் போனேன். மேலூர் பக்கம், ஏழு சிறு மலைகளும் எழுபத்திரண்டு நீர்நிலைகளுமாகக் கிடக்கும் ஊர். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். ராஜாளியும் லகர் வல்லூறும் அந்தப் பாறை விளிம்புகளில் குஞ்சு பொரிக்கின்றன. தேவாங்கு இருக்கிறது, எறும்புத்தின்னி இருக்கிறது. அங்கே நாயைக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. கையில் கயிறில்லாமல் இறங்கியபோது என் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

எதிரே வந்த பெரியவர் நிறுத்திக் கேட்டார். "எந்த ஆபீசும்மா? சர்வேயா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. 2024 கடைசியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு அந்தப் பகுதியை ஏலம் விட்டு, ஊரே திரண்டு நடந்து, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தான பிறகு, தெரியாத முகம் எதுவும் அங்கே சும்மா கடந்துபோக முடியாது.

"ஆபீஸ் இல்லங்கய்யா. சும்மா பாக்க வந்தேன்."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. நாற்பத்து மூன்று வயதில், ஒரு தெரியாத ஊரில், தனியாக நின்றுகொண்டு 'சும்மா' என்று சொல்லியிருக்கிறேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "அப்ப இப்படி வாங்க, இந்தப் பக்கம் பாத்துட்டுப் போங்க" என்று முன்னால் நடந்தார். பாறையில் இருக்கும் பிராமி எழுத்தையும், குடைவரைக் கோயிலையும், எந்தச் சுனை எந்த மாதம் வற்றும் என்பதையும் ஒரு மணி நேரம் காட்டினார். டீக்குக் காசு கொடுக்க விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மிளகு என் செருப்பை, புடவையை, கையை எல்லாம் முகர்ந்து பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்ப் படுத்தது. இரண்டு நாள் பேச்சில்லை.

*

ஒவ்வொரு நடைக்குப் பிறகும் திண்ணையில் ஒரு அரைமணி நேர வேலை உண்டு. மிளகை மல்லாக்கப் போட்டு, விரலிடுக்கில் நெருஞ்சி முள், காதுமடலில் உண்ணி, அடிவயிற்று முடியில் நாயுருவி என்று ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். உண்ணியை நசுக்கக்கூடாது, வேரோடு இடுக்கியால் நேராக இழுக்க வேண்டும். ஒரு முறை விட்டுப்போய் உண்ணிக் காய்ச்சலில் மூன்று வாரம் படாதபாடு பட்டோம். நாயுருவிதான் பெரிய தொந்தரவு. பெயரே நாயை வைத்துத்தான். ஆனால் நாயின் முடியைவிட என் சுடிதார்க் காலில்தான் அதிகம் ஒட்டியிருக்கும்.

இந்த வேலையை எதிர்வீட்டு அக்கா கேட்டில் சாய்ந்துகொண்டு பார்ப்பார். ஐம்பத்தெட்டு வயது. மாமியாரை இருபது வருடம் பார்த்து அனுப்பியவர். பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில். சார் ஓய்வுபெற்று, காலையில் பேப்பர், மாலையில் நடைப்பயிற்சி நண்பர்கள். அக்கா வெளியே வருவது கோலத்துக்கு, பாலுக்கு, வெள்ளிக்கிழமை கோயிலுக்கு. நாய் என்றால் முதலில் பயம். பிறகு, "எங்க போனீங்க இன்னிக்கு?" என்று கேட்க ஆரம்பித்தார். பிறகு, "கண்மாயில தண்ணி எம்புட்டுக் கெடக்கு?"

போன மார்கழியில் எனக்குக் கணுக்கால் பிசகி இரண்டு வாரம் படுக்கை. மூன்றாம் நாள் காலை ஐந்தேமுக்காலுக்கு அக்கா வந்து நின்றார். குளித்து, தலை பின்னி, ஸ்வெட்டர் போட்டு, சாரின் கேன்வாஸ் ஷூவைப் புடவைக்குக் கீழே மாட்டிக்கொண்டு.

"நாய் நடக்கணும்ல?" என்றார்.

கயிற்றைக் கொடுத்தேன். தெருமுனை வரைதான் போவார் என்று நினைத்தேன். ஏழு மணி ஆயிற்று. ஏழரை. சார் பேப்பரோடு வாசலில் வந்து நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். "எங்க காணோம்?" என்றார் என்னிடம்.

"நாயைக் கூட்டிட்டுப் போயிருக்காங்க சார்."

"ஓ, அப்படியா" என்று உள்ளே போய்விட்டார்.

எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வந்தார்கள். மிளகு நேராகப் போய்த் தண்ணீர்ச் சட்டியில் வாயை வைத்தது. அக்கா கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டினார். எங்கே போனீர்கள் என்று நானும் கேட்கவில்லை.

"நல்லா நடந்துச்சு" என்றார்.

புடவை விளிம்பு ஒரு சாண் உயரத்துக்கு நனைந்திருந்தது. அதைச் சுற்றி முழுக்க நாயுருவி. எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, வீட்டுக்குள் போவதற்கு முன்னால், ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தார்.